கிணற்று நீருக்குக் கணக்கு: கோடையில் மரங்களைக் காக்கும் வழி

மாசி பிறந்துவிட்டால், தோட்டக்கால் வைத்திருக்கும் விவசாயி காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கிணற்றை எட்டிப் பார்க்கிறார். நேற்று வரை நீருக்குள் இருந்த படி இன்று வெளியே தெரிகிறது. பங்குனியில் இன்னும் இரண்டு படி இறங்கிவிடும். சித்திரையில் மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்திலேயே காற்று வாங்கத் தொடங்கும். அதன்பின் சித்திரை 21-ல் தொடங்கி ஏறத்தாழ 25 நாட்களுக்கு அக்கினி நட்சத்திரம். இந்த நாட்களைத் தாண்டிவிட்டால் மரம் பிழைத்தது. தாண்டாவிட்டால் பத்து ஆண்டுப் பாடு ஒரு மாதத்தில் போயிற்று.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் பக்கத்திலும் காய்த்துக்கொண்டிருந்த தென்னை மரங்கள் தலை சாய்ந்து நின்றதை விவசாயிகள் மறக்க முடியாது. கிணறு முழுதும் வற்றிப் போனவர்கள் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். ஆனால் கிணற்றில் ஓரளவு நீர் இருந்தும் மரத்தை இழந்தவர்கள் உண்டு. இருந்த நீரை எங்கே, எவ்வளவு, எதற்கு முதலில் விடுவது என்று முன்கூட்டிக் கணக்குப் பார்க்காததே அதற்குக் காரணம். அந்தக் கணக்கைப் போடும் விதத்தை இங்கே காண்போம்.

எதை இழந்தால் எவ்வளவு நட்டம்?

கத்தரியும் வெண்டையும் காய்ந்து போனால் ஒரு போக வருமானம் போகும். அடுத்த ஆடியில் மீண்டும் விதைக்கலாம். மாங்கன்று காய்ந்து போனால் நட்டு வளர்த்த ஆண்டுகள் போகும். காய்க்கும் தென்னை பட்டுப் போனால், அதே இடத்தில் ஒரு பிள்ளையை வைத்து மீண்டும் காய் பார்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும்.

தென்னை சாகாமல் வாடி நின்றாலும் நட்டம் அந்தக் கோடையோடு தீர்வதில்லை. தென்னையின் பாளை வெளியே வருவதற்கு ஏறத்தாழ 32 மாதங்களுக்கு முன்பே மரத்தின் குருத்துக்குள் அதன் முளை உருவாகத் தொடங்கிவிடுகிறது. பாளை வெடித்தபின் காய் முற்ற ஓராண்டு. ஆகவே எந்த நாளில் பார்த்தாலும், மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட காய்ப்பு பல பருவங்களில் மரத்துக்குள் இருக்கிறது. வறட்சி அடித்தால் இவை எல்லாம் அடிபடும். முதலில் குரும்பை கொட்டும். பிறகு காய் சிறுக்கும். பாளைகள் வெடிக்காமலே காயும். மழை பெய்து மரம் பச்சை பிடித்த பிறகும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் காய்ப்புக் குறைவதற்குக் காரணம் இதுவே. "இந்த வருடம் நல்ல மழைதானே, ஏன் காய் இல்லை?" என்று கேட்பவர் முந்திய கோடைகளைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே பட்டால் உடனே ஈடு செய்ய முடியாததற்கு முதல் தண்ணீர். ஒரு போகத்தில் ஈடு செய்யக்கூடியதற்குக் கடைசித் தண்ணீர்.

கிணறு எவ்வளவு தருகிறது?

தன் கிணறு எத்தனை குதிரை சக்தி மோட்டார் தாங்கும் என்பது ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். ஆனால் ஒரு நாளில் எத்தனை லிட்டர் கிடைக்கிறது என்று பலர் அளந்து பார்த்ததில்லை. அளப்பது மிக எளிது. 200 லிட்டர் பிடிக்கும் இரும்புப் பீப்பாய் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். 40 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 5 லிட்டர். அப்படிப்பட்ட மோட்டார், ஊற்று நீர் தீரும் வரை ஒரு நாளில் 25 நிமிடம் ஓடுகிறது என்றால் கிடைப்பது 7,500 லிட்டர். காலையிலும் மாலையிலும் இருமுறை ஊறுகிற கிணறாயின் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த அளவை மாசியில் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை, சித்திரை முதல் வாரத்தில் ஒரு முறை எடுத்து வீட்டுச் சுவரிலோ கணக்கு நோட்டிலோ எழுதி வைக்க வேண்டும். மாசிக்கும் பங்குனிக்கும் இடையில் எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு சித்திரையில் என்ன மிஞ்சும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

பாய்ச்சலும் பாத்தியும்

தென்னந்தோப்பில் மடையைத் திறந்து விட்டு நிலம் முழுதும் நீர் பரவ விடும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தையொட்டி நீர் நிறைந்துள்ளபோது அதனால் தெரிகிற நட்டம் இல்லை. கோடையில் அது பெரும் நட்டம்.

ஒரு ஏக்கர் நிலம் முழுவதும் இரண்டு அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பரவ வேண்டுமானால் ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் தேவை. மேலே கண்ட 7,500 லிட்டர் கிணறு இந்த ஒரு பாய்ச்சலை முடிக்கவே 27 நாட்கள் ஆகும். முதல் மரத்துக்கு நீர் விட்டுக் கடைசி மரத்தை எட்டும்போது முதல் மரம் மீண்டும் ஒரு மாதமாகக் காய்ந்து நிற்கும்.

இனி வட்டப்பாத்தியின் கணக்கைப் பார்ப்போம். தென்னையின் நீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து ஆறு அடி சுற்றளவுக்குள் இருக்கிறது. ஆகவே அடிமரத்திலிருந்து ஆறு அடி தள்ளி வட்டமாகக் கரை எடுத்தால் போதும். ஏக்கருக்கு 70 மரம் என்று கொண்டால், இந்த வட்டங்கள் எல்லாம் சேர்ந்தும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. மற்ற நான்கு பங்கில் விடும் நீர் களைக்கும் வெயிலுக்கும்தான் போகிறது.

மேற்கு மாவட்டங்களில் மாசி முதல் வைகாசி வரை வட்டப்பாத்தியில் மரத்துக்கு 6 நாட்களுக்கு ஒரு முறை 410 லிட்டர் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 70 மரத்துக்கு ஒரு சுற்றுக்கு 28,700 லிட்டர். நிலம் முழுதும் ஒரு முறை பரப்பும் 2 இலட்சம் லிட்டரைக் கொண்டு இப்படி ஏழு சுற்று விடலாம். ஏழு சுற்று என்றால் 42 நாட்கள். அக்கினி நட்சத்திரம் 25 நாட்கள்தான்.

இதை நாள் வாரியாகச் செய்வதும் எளிது. நாளொன்றுக்கு 12 மரம் வீதம் விட்டால் ஆறு நாளில் 70 மரமும் முடியும். விநாடிக்கு 5 லிட்டர் வரும் குழாயில் ஒரு மரத்துக்கு 410 லிட்டர் விட ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் போதும். கடிகாரத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். ஒரு மரத்தடியில் நீரைத் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தால் நான்கு மரத்துக்குரிய நீர் ஒரே பாத்தியில் நின்று, வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

மண் வாய்க்காலில் நெடுந்தூரம் ஓடும் நீரில் ஒரு பகுதியை வாய்க்காலே குடித்துவிடும். கோடைக்கு மட்டுமாவது கருப்புக் குழாயையோ மடக்கும் துணிக் குழாயையோ போட்டு நீரை மரத்தடிக்கே கொண்டுபோவது நல்லது. மாலை நேரத்தில் விடும் நீர் இரவு முழுதும் மண்ணில் இறங்கும். உச்சிப் பொழுதில் விட்டால் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். மின்சாரம் கிடைக்கும் நேரம் ஒத்துவராவிட்டால் விடியற்காலையிலாவது விட வேண்டும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். மணலும் செவலும் நீரை நெடுநாள் பிடித்து வைக்காது. ஆகவே அதே நீரைக் குறைத்து அடிக்கடி விடலாம். கரிசலில் ஒரு முறை நன்றாக நனைத்து, இடைவெளியைக் கூட்டலாம். கரிசல் பிளந்து வெடிப்பு விட்டால் வேர் அறுபடும், ஈரமும் வெளியேறும். மேல் மண்ணை ஓரிரு அங்குலம் மட்டும் கொத்திப் புழுதியாக்கி வெடிப்பை மூட வேண்டும். பாத்திக்குள் ஆழமாக மண்வெட்டி போட்டால் மேல் வேர்கள் வெட்டுப்படும்.

ஒரு தோட்டத்தின் வரவு செலவு

எடுத்துக்காட்டாக, ஒரு சிறு விவசாயியிடம் ஒரு ஏக்கர் தென்னை, இரண்டு வயது மாங்கன்று 40, அரை ஏக்கர் காய்கறி, இரண்டு மாடுகள் இருப்பதாகக் கொள்வோம். சித்திரையில் கிணற்றின் வரவு நாளொன்றுக்கு 7,500 லிட்டர்.

தென்னைக்கு நாள் ஒன்றுக்கு 12 மரம் வீதம் 4,920 லிட்டர். மாங்கன்றுக்கு வாரம் இரு முறை 30 லிட்டர் என்று வைத்தால், நாள் கணக்கில் 40 கன்றுக்கும் சேர்த்து 350 லிட்டருக்குள் முடியும். மாடுகளுக்கு 150 லிட்டர். ஆக 5,420 லிட்டர். மீதி ஏறத்தாழ 2,000 லிட்டர்.

அரை ஏக்கர் காய்கறிக்கு நாள் ஒன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்றாலும் 10,000 லிட்டர் வேண்டும். கிணறு தருவதைவிட இது அதிகம். இரண்டையும் காப்பாற்ற முயன்றால் காய்கறியும் பாதியில் காயும், தென்னையும் குரும்பை கொட்டும். அதே காய்கறியைப் பத்து சென்டில் மட்டும் வைத்தால் 2,000 லிட்டர் போதும். கணக்கு நேராகிவிடுகிறது.

ஆனால் இந்த முடிவைச் சித்திரையில் எடுப்பது கடினம். பூவும் பிஞ்சுமாக நிற்கும் வெண்டைக்கு நீரை நிறுத்த யாருக்கு மனம் வரும்? ஆகவே மாசியில் நாற்று விடும்போதே, சித்திரைக் கிணற்றை நினைத்துப் பரப்பை முடிவு செய்ய வேண்டும். வாரச் சந்தைச் செலவுக்குக் காய்கறி வருமானம்தான் கைகொடுக்கிறது என்பது உண்மை. அதனால் அடியோடு விட வேண்டியதில்லை. பரப்பைச் சுருக்கி, அந்தப் பத்து சென்டை நிறைவாகக் கவனித்தால் அரைகுறையாக வாடும் அரை ஏக்கரைவிட நல்ல காய் கிடைக்கும்.

கிணறு இன்னும் இறங்கினால்?

கிணற்று நீர் பாதியாகிவிட்டால் வட்டப்பாத்தியிலும் தட்டுப்பாடு வரும். அப்போது கைகொடுப்பது சொட்டுநீர். சொட்டுநீரில் கோடை மாதங்களில் தென்னைக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் விடுவது வழக்கமான அளவு. ஓரளவு தட்டுப்பாடு உள்ளபோது 45 லிட்டரும், கடும் தட்டுப்பாட்டில் 22 லிட்டரும் விட்டு மரத்தைக் காக்கலாம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. 70 மரத்துக்கு 45 லிட்டர் வீதம் 3,150 லிட்டர். 22 லிட்டர் வீதம் 1,540 லிட்டர்தான். காய்ப்புக் குறையும், ஆனால் மரம் நிற்கும்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க 100 சதவீத மானியம் வழங்கப்பட்டு வருகிறது. வட்டாட்சியரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெற்று, நில ஆவணங்களுடன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுக வேண்டும். வெயில் ஏறிய பிறகு மனுக் கொடுத்தால் அந்தக் கோடைக்குக் குழாய் வந்து சேராது. மழைக்காலத்திலேயே முயல்வது நல்லது. ஏற்கெனவே சொட்டுநீர் உள்ளவர்கள் தை மாதத்திலேயே வடிகட்டியைக் கழுவி, ஒவ்வொரு சொட்டுவானும் சொட்டுகிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்ட சொட்டுவானுக்குக் கீழே உள்ள மரம் வாடிய பிறகுதான் பல இடங்களில் விஷயம் தெரிய வருகிறது.

கடும் தட்டுப்பாட்டில் மரத்தின் பாரத்தையும் குறைக்க வேண்டும். தென்னையில் பழுத்துத் தொங்கும் அடிமட்டைகளை நீக்கிவிடலாம். பச்சை மட்டையைக் கழிக்கக் கூடாது. முற்றிய காய்களை மரத்தில் விட்டு வைக்காமல் இறக்கிவிட வேண்டும். கோடையில் இளநீருக்குக் கிராக்கி இருப்பதால், சில குலைகளை இளநீராக வெட்டினால் மரத்துக்கும் பாரம் குறையும், கைக்கும் காசு வரும். மூன்று வயதுக்குட்பட்ட ஒட்டு மாங்கன்றில் பூத்த பூவைக் கிள்ளிவிட வேண்டும். வயது முதிர்ந்து காய்ப்பு ஓய்ந்த மரங்களுக்கு விடும் நீரை நிறுத்தி, அதை இளங்கன்றுகளுக்குத் திருப்புவது கசப்பான முடிவானாலும் சரியான முடிவு.

மூடாக்கு: செலவில்லாத இரண்டாம் கிணறு

விட்ட நீரை மண்ணிலேயே நிறுத்தி வைப்பது, புதிதாக ஊற்று தோண்டுவதற்குச் சமம். வெறும் மண்ணில் விழும் வெயில் ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது, மேல்வேர்களையும் சுடுகிறது. இதைத் தடுப்பது மூடாக்கு.

ஆறு அடி வட்டப்பாத்திக்குத் தேங்காய் மட்டை 100 போதும். குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்கவும், முதுகு மேலே தெரியவும் கவிழ்த்து அடுக்க வேண்டும். காயை மட்டையோடு விற்றுவிடும் விவசாயியிடம் மட்டை மிஞ்சாது. அவர் காய்ந்த தென்னை ஓலை 15-ஐத் துண்டுகளாக வெட்டிப் பரப்பலாம். ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் 12 ஓலையை உதிர்க்கிறது. தன் காலடியை மூடத் தேவையானதில் பெரும் பங்கை மரமே தந்துவிடுகிறது. அதை அடுப்புக்கும் வேலிக்கும் முழுதாகக் கொடுத்துவிடாமல் இருந்தால் போதும். கயிற்றுத் தொழிற்கூடங்கள் அருகில் உள்ள ஊர்களில் நார்க்கழிவை நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பலாம். மா, எலுமிச்சை, வாழைக்குக் கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், சருகு, கொழிஞ்சி, கிளிரிசிடியா தழை என்று எது கிடைக்கிறதோ அது.

மூடாக்கு போடுவதில் மூன்று விதிகள் உண்டு. முதலாவது, மண் ஈரமாக இருக்கும்போதே போட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறோம். தை, மாசியில் நீர் விட்ட மறுநாள் போடுவது உத்தமம். இரண்டாவது, அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது. அரை அடியாவது இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் கறையான் ஏறும், தண்டு அழுகும். மூன்றாவது, நெருப்பு. காய்ந்த ஓலை பரப்பிய தோப்பில் ஒரு பீடித் துண்டு போதும். வேலி ஓரமும் பாதை ஓரமும் ஐந்தாறு அடி அகலத்துக்குச் சருகில்லாமல் கூட்டி வைப்பது பாதுகாப்பு.

கன்றுகளுக்குத் தனிக் கவனம்

தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்று அழைப்பது நம் வழக்கம். பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் முதல் இரண்டு கோடைகளில் அதைப் பார்க்க வேண்டும். பெரிய மரத்துக்கு ஆழமாக வேர் உண்டு. ஒரு வாரம் தாங்கும். கன்றின் வேர் மேல் மண்ணிலேயே இருக்கிறது. மேல் மண் காய்ந்தால் கன்றும் காயும். ஆனால் அதற்கு வேண்டிய நீர் மிகக் குறைவு. இருக்கும் நீரில் முதல் பங்கு கன்றுக்கு என்பதற்கு இதுவே காரணம்.

முதலில் நிழல். பின்னிய ஓலைக் கீற்றை மேற்கிலும் தெற்கிலும் சாய்த்து நட்டு, பிற்பகல் வெயிலை மறைக்க வேண்டும். காலை வெயில் படலாம். அடுத்து, அடித்தண்டு. மா, எலுமிச்சை, கொய்யா போன்ற இளமரங்களின் தண்டில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துப் பூசினால், வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், பட்டை வெடிக்காது.

நீருக்குப் பானை முறை சிறந்தது. சுடுமண் பானை ஒன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடி வைக்க வேண்டும். பானையின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசிந்து வேரை எட்டும். மண் காய்ந்திருந்தால் கசிவு கூடும். ஈரமாக இருந்தால் குறையும். பத்து லிட்டர் பானையை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். வழவழப்பாக மெருகிட்ட பானை இதற்கு உதவாது. உப்பு நீர்க் கிணறானால் நாளடைவில் துளை அடைபடும். அடுத்த கோடைக்குப் பானையை மாற்றிவிட வேண்டும். கன்றுகள் தொலைவில் இருந்து, குடத்தில் நீர் சுமந்து ஊற்றும் வீடுகளுக்கு இதுவே பெரிய உதவி. சுமக்கும் பெண்களுக்கு நடை மிச்சம்.

பயிருக்கு ஏற்ற சில குறிப்புகள்

மா: கோடையில் காய் பிடித்திருக்கும் மரத்துக்கு நீர் கிடைத்தால் காய் பருக்கும். ஆனால் பல நாள் காயவிட்டு ஒரே நாளில் நிரம்பப் பாய்ச்சினால் காய் உதிரும், வெடிக்கும். கொஞ்சமானாலும் சீராக விட வேண்டும். நன்கு வேர்விட்ட பெரிய மரம் நீரில்லாமலும் தாங்கும். ஆகவே இளங்கன்றுக்குப் பிறகே அதன் முறை.

எலுமிச்சை: அடிமரத்தில் நீர் தேங்கினால் பிசின் வடிந்து பட்டை அழுகும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சிறு கரையும், அதற்கு வெளியே பெரிய கரையும் போட்டு, இரண்டு கரைகளுக்கும் இடையில் மட்டும் நீர் விடும் இரட்டை வட்டப்பாத்தியே ஏற்றது.

வாழை: நீர்க்குறைவை வாழை தாங்காது. நீர் போதாது என்று தெரிந்தால் பக்கக் கன்றுகளை வெட்டிவிட்டுத் தாய் மரத்தை மட்டும் காக்க வேண்டும். தார் போட்ட மரத்தில் காம்பின் மேல் வெயில் நேராகப் படாமல் வாழை இலையால் மூட வேண்டும். கோடை மழையோடு சூறைக்காற்றும் வரும்; முன்பே முட்டுக் கொடுப்பது அவசியம். வீட்டுப் பின்புறத்தில் சமையலறை நீரைத் திருப்பிவிட்டால் நான்கு வாழையும் ஒரு பப்பாளியும் கிணற்றை நம்பாமலே நிற்கும்.

காய்கறி: சிறு பரப்பில் வைத்த செடிகளுக்கு மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை அகத்தியோ மக்காச்சோளமோ இருந்தால் அனல் காற்று தடுக்கப்படும். நாற்றங்காலுக்கு ஓலைப் பந்தல் வேண்டும். வறண்ட வெயிலில் இலையின் அடிப்புறத்தில் சிவப்புச் சிலந்தி பெருகும். கந்தக மருந்தை உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும், தெளிப்பதானால் மாலையில்தான்.

தென்னையில் வெள்ளை ஈ: 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ வறண்ட காலத்தில் பெருகுகிறது. ஓலையில் கரும்பூசணம் படர்ந்ததைக் கண்டு அவசரப்பட்டுப் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. அதை அழிக்கும் நன்மை செய்யும் குளவிகளும் மடிந்துவிடும். ஓலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதும், மஞ்சள் ஒட்டும் பொறி வைப்பதும் போதுமானவை.

எந்தப் பயிருக்கானாலும் காய்ந்த மண்ணில் யூரியா போன்ற இரசாயன உரம் இடக் கூடாது. வாடிய செடிக்கு உரம் போட்டால் தேறும் என்று நினைப்பது தவறு. வேர் மேலும் கருகும். நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகே உரம்.

கோடை மழையை வரவேற்க

சித்திரை, வைகாசியில் ஓரிரு இடிமழை பெய்வதுண்டு. பாத்திக் கரை உடைந்து கிடந்தால் அது ஓடிப்போகும். கரை ஒழுங்காக இருந்தால் மரத்துக்கு ஒரு பாய்ச்சல் மிச்சம். மரமில்லாத மானாவாரி நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு செய்து வைத்தால் அந்த மழை மண்ணுக்குள் இறங்கும்.

வற்றிய குளத்திலிருந்து வண்டல் எடுக்கவும் இதுவே காலம். உரிய அனுமதி பெற்று எடுத்து வந்து, மணற்பாங்கான தோப்பில் பாத்திக்குப் பாத்தி பரப்பினால் மண் நீரைப் பிடித்து வைக்கும். கிணற்றில் தூர் எடுக்கவும் நீர் குறைந்த இந்த நாட்களே வசதி.

அடுத்த கோடைக்கான வேலை ஆடி, ஆவணியிலேயே தொடங்குகிறது. மரத்திலிருந்து ஐந்து அடி தள்ளி, ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் வட்டமாகக் குழி எடுத்து, தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண்ணால் மூட வேண்டும். மேலே பரப்பும் மட்டை குப்புறக் கிடக்கும், வெயிலை மறைக்க. புதைக்கும் மட்டை மல்லாந்து கிடக்கும், நீரை ஏந்த. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு அது மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், தை மாதத்தில் பாத்தியும் மூடாக்கும். மாசியில் கிணற்றை அளந்து காய்கறிப் பரப்பை முடிவு செய்தல். பங்குனியில் கன்றுக்கு நிழல், சுண்ணாம்பு, பானை. சித்திரையில் நாளுக்கு 12 மரம் என்று முறை வைத்து நீர். வைகாசியில் மழைக்குக் கரை. இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. ஒரு பீப்பாயும் ஒரு கடிகாரமும் தோட்டத்திலேயே கிடைக்கும் ஓலையும் போதும். நாளைக் காலை கிணற்றை எட்டிப் பார்க்கப் போகும் விவசாயி, போகும்போது அந்தப் பீப்பாயையும் உருட்டிக்கொண்டு போவாராக.